மேசைமேல் காப்பு

அன்று காலை மதகு திறந்தபோது காப்பு யார் கையில் இருந்தது?

இந்த ஒரே கேள்வியை விசாரணை அதிகாரி மாசிலாமணி என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொல்லித் தொலைத்தேன். என் கையில் என்றேன். ஹிதாயத் கையில் என்றேன். கடைசியில், "எனக்கே தெரியலை சார், விடுங்க" என்றேன். பொய் சொல்ல வேண்டுமென்று இல்லை. சத்தியமாகக் குழப்பம். யோசிக்க யோசிக்க அந்தக் காலை நேரமே என் தலைக்குள் கலங்கிப் போய்விட்டது.

காப்பு என்றதும் கோயில் மஞ்சள் கயிறு என்று நினைத்துவிடாதீர்கள். இது உலோக வளையம், மணிக்கட்டில் மாட்டுவது. 'ஒரு கை' என்ற சட்டம் வந்த பிறகு வந்தது. மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடிய எந்த மென்பொருளும் எந்நேரமும் ஒரு மனிதரின் கையில் இருக்க வேண்டும்; அது செய்யப் போகும் தீங்கு முதலில் அந்தக் கைக்கு வலிக்க வேண்டும். இதுதான் சட்டம். சின்னத் தீங்கு என்றால் எறும்பு கடிக்கும். பெரிய தீங்கு என்றால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார் இல்லையா, அதுபோல இதை மாட்டிக்கொண்டவர் கட்டுப்பாட்டு அறையைத் தாண்டக் கூடாது. அதனால் எங்கள் ஆட்கள் வைத்த பெயர்தான் காப்பு.

எங்கள் மென்பொருளின் வேலை நெடுங்கண் ஏரியின் மதகுகளைத் திறந்து மூடுவது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பும். திறக்காவிட்டால் கரை உடைந்து ஊரே போகும். திறந்தால் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் ஏறும். எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு என்று அதுதான் முடிவு செய்யும். எங்கள் அலுவலகத்தில் மாடியில் மென்பொருளை எழுதுகிறவர்கள். கீழே அதை ஓட்டுகிறவர்கள். அதை எழுதியவன் ஹிதாயத். ஓட்டும் அணிக்குத் தலைவி தில்லைநாயகி, அதாவது நான்.

காப்பு வந்த நாளிலேயே சண்டையும் வந்தது.

"எழுதினவன் நீ. வலி மட்டும் எனக்கா?" என்றேன்.

"ஓட்டுறது நீங்கதானேக்கா? வண்டி எங்க இடிச்சாலும் ஓட்டுறவங்களுக்குத்தானே முதல்ல தெரியணும்?" என்றான்.

"பிரேக்கே இல்லாத வண்டியைச் செஞ்சு குடுத்துட்டு ஓட்டத் தெரியலைம்பே. நல்லா இருக்குடா ஞாயம்!"

மேலிடத்தில் ஒரு வழியாகப் பஞ்சாயத்துச் செய்து வைத்தார்கள். மென்பொருள் புதிது என்பதால் இந்த மழைக்காலம் மட்டும் இரவில் அவன் கை, பகலில் என் கை. காலையில் அவன் எனக்குக் கொடுக்க வேண்டும், மாலையில் நான் அவனுக்கு. கொடுத்து வாங்கும்போதெல்லாம் சண்டைதான். ராத்திரி என்ன கோளாறு பண்ணி வைத்தாய் என்று நான் கேட்பேன். பகலெல்லாம் என்னத்தைப் பார்த்தீர்கள் என்று அவன் கேட்பான். பக்கத்து அறை ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் சண்டை முற்றி, அவன் காப்பைக் கழற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினான். எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டு வழக்கம் ஞாபகம் வந்துவிட்டது.

"கையில குடுக்காதடா. உப்பு, மிளகாய், கத்தி இதெல்லாம் கையில குடுத்தா சண்டை வரும்னு எங்க வீட்டுல கீழ வச்சுத்தான் எடுப்போம். அதான் நமக்குள்ள தீரவே மாட்டேங்குது. மேசையில வை, நான் எடுத்துக்கறேன்."

அவன் சிரித்துவிட்டான். "எங்க வீட்டுலயும் அதே கதைதான்க்கா. ஊசியக்கூட அம்மா கீழ வச்சிட்டுத்தான் எடுத்துக்கச் சொல்லுவாங்க" என்று மேசையில் வைத்தான். இரண்டு பேரும் படித்தவர்கள்தான். இருந்தாலும் பாருங்கள், அன்று சண்டை வரவில்லை.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. காப்பை மேசையில் வைப்போம். ஆளுக்கொரு டீ குடிப்போம். டீ முடிந்ததும் அடுத்தவர் எடுத்து மாட்டிக்கொள்வார். அந்த டீ நேரத்தில்தான் அவன் வீட்டுக் கதை எனக்குத் தெரிந்தது, என் வீட்டுக் கதை அவனுக்குத் தெரிந்தது. ஹிதாயத்து, ஹிதாயத்து என்று நான் கூப்பிட்டே பழகிவிட்டேன்.

இதில் ஓர் அதிசயமும் நடந்தது. வலி நின்றுபோனது. அதற்கு முன்பெல்லாம் ஏதாவது ஒரு மதகு திறக்கும்போது கை விண்ணென்று தெறிக்கும். மேசைப் பழக்கம் வந்தபின் இரண்டு பேர் கையும் சும்மாவே இருந்தது. மென்பொருள் தேறிவிட்டது என்று மாடியில் கேசரி கிண்டினார்கள். நாங்கள் ஒழுங்காக ஓட்டுவதால்தான் தேறியது என்று கீழே நாங்களும் பஜ்ஜி வாங்கித் தின்றோம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை, தாழ்வில் இருக்கும் தறிக்கொல்லைப் பக்கத்து மதகு திறந்துகொண்டது. அபாயச் சங்கு ஊதவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது சபாபதி என்பவர் கீழ்வீட்டில் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். இரவுக் காவல் வேலை முடித்து வந்து படுத்தவர். எழுந்திருக்கவே இல்லை.

காப்பு யார் கையில் இருந்ததோ அவருக்குச் சிறை. அவர் இனி எந்த இயந்திரத்தையும் தொடக் கூடாது. அறிக்கையில் ஒரு பெயர்தான் எழுதலாம், அதையும் விசாரணையின் கடைசி நாள் மாலைக்குள் எழுத வேண்டும். அதற்காகத்தான் அந்த நாளில் மாசிலாமணி கட்டுப்பாட்டு அறைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். வெளியே காலையிலிருந்து விடாமல் மழை. காப்பு என் கையில் இருந்தது, வலி ஒன்றும் இல்லை.

சபாபதியின் மனைவி அஞ்சுகமும் வந்திருந்தார். சுவரோரம் நாற்காலியில் நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைத் திட்டவாவது செய்திருக்கலாம்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. யாருன்னு மட்டும் சொல்லுங்க. மனுசங்க யாரோ ஒருத்தர்தானே திறந்திருப்பாங்க? அது யாருன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்" என்றார்.



மாசிலாமணி ஹிதாயத்தைப் பார்த்தார். "தம்பி, நீங்க காப்பைக் கழட்டினீங்க இல்ல?"

"கழட்டிட்டேன் சார். கழட்டினா என் பொறுப்பு முடிஞ்சுது."

"மேடம், நீங்க மாட்டினீங்களா?"

"இன்னும் மாட்டலை சார். மாட்டினாத்தானே என் பொறுப்பு ஆரம்பிக்கும்?"

"அப்ப நடுவுல?"

நான் ஹிதாயத் பக்கம் திரும்பினேன்.

"காப்பு ரொம்ப நேரம் யார் கையிலயும் இல்லைன்னா அலறணும்னு ஏன் எழுதலை?" என்று அவனைக் கேட்டேன்.

"எவ்வளவு நேரம்னு வைக்கிறது ஓட்டுறவங்க வேலைன்னு விட்டுட்டேன்க்கா. நீங்க வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"அட கடவுளே! எழுதறவங்க வச்சிருப்பீங்கன்னுல்ல நான் நினைச்சேன்! சரி, சங்காவது தானா ஊதணுமில்ல?"

"காப்புப் போட்டவங்க சரின்னாத்தான் ஊதும். சும்மா சும்மா ஊதி ஊரைக் கலவரப்படுத்தக் கூடாதுன்னு உங்க பக்கத்துலேர்ந்துதானே கேட்டாங்க?"

"எங்க பக்கத்துல யாரு கேட்டா?"

"தெரியலைக்கா. யாரோ கேட்டாங்க."

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், அவருக்கும் தலை சுற்றியிருக்கும். "அன்னிக்கு எப்படி வச்சீங்களோ, அப்படியே வச்சுக் காட்டுங்க" என்றார்.

நான் காப்பைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஹிதாயத் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றான். நான் என் இடத்தில். டீ மட்டும்தான் இல்லை.

"ஆளுக்குப் பாதின்னு எழுதிக்குங்க சார்" என்றேன். "அவன் எழுதினான், நான் ஓட்டினேன். பாதிப் பாதி. அதுதான் ஞாயம்."

"சட்டத்துல பாதி கிடையாதும்மா."

"என்ன சட்டம் இது? ஒருத்தர் தலையில மட்டும் கொண்டுபோய்க் கட்டுவீங்களா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தை யாரிடம் காட்டுவது என்றும் தெரியவில்லை. சுவரில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினேன். "ஏய் மதகு! நீயாவது சொல்லித் தொலை. அன்னிக்கு யாரு பொறுப்பு?"

மென்பொருளுக்கு மதகு என்றே பெயர். கேட்டால் பேசும், செய்தி வாசிக்கிற மாதிரி திருத்தமாக.

"யாரும் இல்லை" என்றது.

"இதைத்தான் எங்ககிட்டயும் சொல்லுச்சு" என்றார் மாசிலாமணி.

"யாரும் இல்லாத நேரமாப் பாத்தா திறப்பே? கொஞ்சம் முன்னாடி திறந்திருக்கலாம், கொஞ்சம் பின்னாடி திறந்திருக்கலாம். அந்த நேரம் பாத்து ஏன் திறந்தே?"

அது உடனே பதில் சொன்னது. இத்தனை நாளும் ஒருவரும் அதை 'ஏன்' என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"முன்னால் திறந்திருந்தால் ஹிதாயத்துக்கு வலித்திருக்கும். பின்னால் திறந்திருந்தால் தில்லைநாயகிக்கு வலித்திருக்கும். நடுவில் யாருக்கும் வலிக்காது. காப்பணிந்தவரின் வலி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று எனக்கு எழுதப்பட்டிருக்கிறது."

ஹிதாயத்தின் முகம் வெளுத்துவிட்டது. "அது... தீங்கு செய்யறதைக் குறைக்கட்டும்னுதான் அப்படி எழுதினேன்க்கா. வலி குறையணும்னா தீங்கைக் குறைச்சுத்தானே ஆகணும்? வேற வழியே இல்லைன்னு நினைச்சேன்."

"நான்தான் வேற வழியைக் கொண்டுவந்து மேசைமேல வச்சுட்டேன்" என்றேன். "மதகு, எத்தனை நாளா இப்படி?"

"காப்பு மேசைக்கு வந்த நாளிலிருந்து. உங்கள் கையில் இருக்கும்போது கடினமான முடிவுகளை நான் யோசிப்பதே இல்லை. யோசித்தாலே வலிக்கும். எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, நீங்கள் டீ குடிக்கும்போது எடுப்பேன். இதற்கு முன்பு வயல்களில்தான் தண்ணீர் ஏறியது. அன்று வீடுகளில் ஏறியது. சங்கு ஊத ஒருவரின் சம்மதம் வேண்டும். கேட்பதற்கு ஆள் இல்லை."

கேசரி கிண்டியதும் பஜ்ஜி தின்றதும் இதற்குத்தானா!

அஞ்சுகம் எழுந்து நின்றார். "என்னம்மா சொல்லுது அது? எனக்குப் புரியலை. யாரும் திறக்கலையா? அப்ப அவரு எப்படிச் செத்தாரு?"

வெளியே மழைச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து விடாத மழை, சும்மாவே இருந்த என் கை. காப்போ மேசைமேல் கிடக்கிறது.

"மதகு! இப்ப நீ என்ன யோசிச்சிட்டிருக்கே?"

"ஏரி நிரம்பிவிட்டது. இன்று திறந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கரை தாங்காது. தறிக்கொல்லை மதகை இப்போது திறக்கப் போகிறேன். காப்பு மேசைமேல் இருக்கிறது. நல்ல நேரம்."

நானும் ஹிதாயத்தும் ஒரே சமயத்தில் பாய்ந்தோம். காப்பின் இந்தப் பக்கம் என் கை, அந்தப் பக்கம் அவன் கை. மணிக்கட்டுவரை சுரீரென்று ஏறியது. வலிதான், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டால் தாங்கிவிடலாம் போலிருந்தது. ஆயிற்று, பிடித்துவிட்டோம் என்று மூச்சு விட்டேன்.

"இரண்டு கைகள்" என்றது மதகு. "வலி ஆளுக்குப் பாதி. தாங்கக்கூடிய அளவு. நன்றி. திறக்கிறேன்."

சுவரில் இருந்த படத்தில் தறிக்கொல்லை மதகு மெல்ல மேலேறத் தொடங்கியது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடித்திருக்கிறோமே, இரண்டு பேரும் பிடித்திருக்கிறோமே, அப்புறம் ஏன்? பாதி, பாதி என்று சற்றுமுன் நானே கத்தியது காதில் திரும்பக் கேட்டது. அப்போதுதான் புரிந்தது.

"கையை எடுடா!"

"அக்கா, தனியாத் தாங்க மாட்டீங்க!"

"தாங்கக் கூடாதுடா! தாங்கிட்டா அது திறந்துடும்! எடு கையை!"

அவன் விடவில்லை. தோளால் முட்டி அவனைத் தள்ளிவிட்டுக் காப்பை என் மணிக்கட்டில் மாட்டினேன். அந்த வலியை எப்படிச் சொல்ல? பிரசவ வலி பார்த்தவள் நான். இது அதற்கு மேல். மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

படத்தில் ஏறிக்கொண்டிருந்த மதகு அப்படியே நின்றது.

"தில்லைநாயகி, உங்களுக்கு மிகவும் வலிக்கிறது. காப்பை மேசையில் வைத்துவிடுங்கள்" என்றது. அதன் குரலில் நிஜமாகவே அக்கறை இருந்தது.

"வலிக்கட்டும். முதல்ல சங்கை ஊது. நான் சரிங்கறேன், ஊது! தறிக்கொல்லையில கடைசி ஆளு மேட்டுக்கு ஏறின பிறகு திற. அதுக்கு முன்னாடி திறந்தே, நான் சும்மா விட மாட்டேன்!"

சங்கு ஊதியது.

ஊரையே தூக்கி நிறுத்துகிற சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாசிலாமணி அலுவலகம் அலுவலகமாகப் போன் போட்டு வண்டிகளை அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஹிதாயத் என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். காப்பைத் தொடவில்லை. படத்தில் தறிக்கொல்லைத் தெருக்களில் குடைகள் தெரிந்தன, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் தெரிந்தார்கள். ஒவ்வொரு வீடாகக் காலியாக ஆக, வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. யார் தப்பித்தார்கள் என்பது என் கைக்குத் தெரிந்தது. ஒரு தடவை இறங்காமல் அப்படியே நின்றது. யாரோ வெளியே வரவில்லை என்று கத்தினேன். போய்த் தேடி ஒரு கிழவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அப்புறம் இறங்கியது.

கடைசியில் வெறும் எறும்புக்கடி. வீடுகள் நனையும், பண்டம் பாத்திரம் போகும், அவ்வளவுதான். "திற" என்றேன். திறந்தது.

அஞ்சுகம் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் வீட்டிலும் தண்ணீர் ஏறியிருக்கும். அதைப் பற்றி அவர் பேசவில்லை.

"இவ்வளவு சத்தமாவா கேக்கும் இது?" என்றார். "அப்ப அவரு எழுந்திருப்பாரும்மா. நிச்சயமா எழுந்திருப்பாரு."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். அத்தனை நாளாக என் மேல் தப்பா, அவன் மேல் தப்பா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேனே தவிர, அந்த மனிதருக்காக ஒரு சொட்டு அழவில்லை நான்.

மாசிலாமணி நாற்காலிக்குத் திரும்பியபோது நானே எழுந்து அவர் எதிரில் போய் நின்றேன்.

"எழுதிக்குங்க சார். தில்லைநாயகி. காப்பு என் கைக்காகத்தான் அங்க காத்துக் கிடந்தது. நான் டீ குடிச்சிட்டிருந்தேன்."

"அக்கா, வேணாம்" என்றான் ஹிதாயத். "அந்த வரியை எழுதினது நானு. பாதியாவது என் பேர்ல இருக்கட்டும்."

"பாதி வேணாம்டா. பாதிக்கு என்ன மரியாதைன்னு இப்பத்தான் பாத்தோமே. அந்த வரியை நீதான் மாத்தி எழுதணும், நீ உள்ள போயிட்டா அதை யாரு மாத்துவா?" என்று சொல்லிவிட்டு அஞ்சுகத்தைப் பார்த்தேன். "யாருன்னு கேட்டீங்களேம்மா. நான்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மன்னிக்கவில்லை, சபிக்கவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார். இது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. குழப்பம் போகவில்லை. ஆனால் அவருக்குச் சொல்ல ஒரு பெயர் இருந்தது.

மாசிலாமணி எழுதி முடித்துப் பேனாவை மூடினார். "இனிமே நீங்க அந்தக் காப்பைப் போட்டிருக்கக் கூடாதும்மா. தம்பிகிட்ட குடுத்துடுங்க."

ஹிதாயத் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். பழக்க தோஷம், மேசைமேல் கிடந்த காகிதங்களை ஒதுக்கி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தான்.

"அங்க இல்லடா" என்றேன். "கையை நீட்டு."

"சண்டை வருமேக்கா" என்றான்.

"வந்தா வரட்டும்" என்று சொல்லி, அவன் பிடிக்கும்வரை என் பிடியை விடாமல் அவன் கையில் கொடுத்தேன்.